சியா விதைக் கிண்ணத்தில் இரண்டாம் கிளறல்: ஓர் ஆய்வு

இப்பொருள் குறித்துத் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் இல்லை என்று தொடங்குவதே மரபு. இருக்கலாம், யாம் தேடவில்லை.

ஆய்வுக்குரிய பண்டம் மூன்று உறுப்புகளை உடையது: விதை, பால், பழம். பால் வெள்ளையாக இருக்கும்.

விதை மெக்சிகோ, குவாதமாலா பக்கத்துச் செடியினது. 1753-இல் லின்னேயஸ் அதற்கு ஸ்பெயினை நினைவூட்டும் ‘சால்வியா ஹிஸ்பானிக்கா’ என்ற பெயரை இட்டார். பிறந்த ஊர் மாறிப்போனாலும் அடிக்குறிப்பு நிலைக்கும் என்பதற்கு இது போதிய சான்று. அஸ்டெக் அரசுக்குச் சியாவைத் திறையாகக் கட்டிய கணக்கு மெண்டோசா சுவடியில் உண்டு. கிளறல் பற்றி அச்சுவடி வாய் திறக்கவில்லை. இம்மௌனத்தை வைத்தே ஒரு முனைவர் பட்டம் வாங்கலாம்.

சப்ஜாவும் சியாவும் ஒன்றே என்பாரும் உளர். அற்றன்று. இரண்டும் துளசி, புதினாவின் குடும்பமே. ஆயினும் நன்னாரி சர்பத்தில் விழுந்த சப்ஜா சில நிமிடங்களில் உப்பிவிடும். சியாவோ தன் எடையைப்போல் பத்து மடங்கு நீரைக் குடித்தும், நன்றாக ஊற அரைமணியாவது கேட்கும்.

இனி, கிளறல். அரைக் கோப்பைப் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி விதை என்பதில் எவர்க்கும் பிணக்கில்லை. அதை ஒருமுறை கிளறிவிட்டுப் போய்ப் படுப்பவர் முற்கிளறலார்; ஐந்து பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கிளறுபவர் பிற்கிளறலார். ‘ஒருதரம் கிளறினாப் போதாதா?’ என்பது முற்கிளறலார் கட்சி (மாமியார், வாய்மொழி, அடுப்படி). போதாது. என்னை? விதையின் மேல்தோல் நீர்பட்டதும் கொழகொழவென்று பசையாகிறது. பக்கத்துப் பக்கத்து விதைகள் ஒட்டிக்கொண்டு அடியில் கட்டியாக உட்கார, நடுவிலிருப்பவை காய்ந்தே கிடக்கின்றன. இதனை வலியுறுத்துவார் எதிர்வீட்டு அத்தை (கைப்பேசிக் குரற்பதிவு, பிற்பகுதி, மிக்ஸி ஓசை அடங்கிய பின்). அதை மறுப்பார் மீண்டும் மாமியார் (மேலது, மேலும் உரக்க). இருவரையும் ஒருங்கே மறுத்துக் கரண்டியைக் கழுவாமல் போட்டவர் என் மகன் (கைப்பிரதி இல்லை, பாத்திரத் தொட்டியில் தடயம் மட்டும், படிகம்போல் உலர்ந்த ஓரத்தை நகத்தால் சுரண்டிப் படித்தோம், ஒரு விதை சிதைந்துள்ளது, பாடபேதம் உண்டு).

கட்டியைக் கண்டதும் கரண்டி எடுப்பவர்க்கு இக்கட்டுரை வேண்டியதில்லை. கட்டியின் காலம், கட்டியின் கோட்பாடு, கட்டியும் தமிழர் வாழ்வியலும் என்று அமர்வு பிரித்து, மதிய உணவோடு கலைகிறவர்களுக்காகவே எழுதுகிறோம்.

பழம்: மாம்பழம் உத்தமம். அன்னாசியிலுள்ள நொதி புரதத்தை அறுப்பதால் ஜெலட்டின் உறையாது. சியாவின் பசை புரதமன்று, ஆதலின் அது அஞ்சுவதில்லை. பால்தான் அஞ்ச வேண்டும்: அன்னாசியோடு நேரமானால் கசக்கும். ஆகவே இரண்டு மணிநேரமாவது குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து, உண்ணும்போது பழத்தை மேலே போடுக.

இலேசானது, உடம்புக்கு நல்லது என்ற பெயரெடுத்த இப்பண்டத்துக்குச் சர்க்கரை எவ்வளவு என்ற இயல் எழுதி முடித்து மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டது. மாமியார் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கிறார்.