லேட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு

காட்பாடியில் குடியிருப்பவனுக்கு உறவினர் வருகை ஓயாது. வடக்கேயிருந்து கேரளாவுக்கும் கோவைக்கும் போகிற வண்டிகள் பலவும் எங்கள் ஊரில் நின்றுதான் போகும். “ஸ்டேஷன் பக்கத்துல வீடு, போய்க் கூட்டிக்கிட்டு வர்றதுல என்ன கஷ்டம்?” என்பார்கள். கஷ்டம் தூரத்தில் இல்லை, நேரத்தில்.

போன ஜனவரியில் தில்லியிலிருந்து மச்சான் கிளம்பினான். ஒன்றரை நாள் பயணம், இரவு பத்தரைக்குக் காட்பாடி. கிளம்பும்போதே போன் வந்தது. “மாமா, நாலு மணி நேரம் லேட்டா எடுத்திருக்கான். கவலைப்படாதீங்க, வழியில மேக்கப் பண்ணிடுவான்.” தெற்கேயிருந்து லேட்டாக வந்து சேர்ந்த பெட்டிகளையே கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். போகிற வண்டியின் லேட்டு, வந்த வண்டியிடமிருந்து சீதனமாக வருவது.

எல்லாம் மூடுபனி செய்கிற வேலை. பனியில் டிரைவருக்கு சிக்னல் தெரியாது. அதனால் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் தண்டவாளத்தில் ஓர் ஆள் பட்டாசு கட்டி வைப்பார். சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும். சிக்னல் வருகிறது என்று டிரைவர் சுதாரித்துக்கொள்வார். இப்போது ஜி.பி.எஸ். கருவியும் கொடுத்திருக்கிறார்கள், பட்டாசும் இருக்கிறது. பல வருஷமாகத் தீபாவளிக்கு ஊர்ப்பக்கம் வராத மச்சான், பொங்கலுக்குப் பட்டாசு வெடித்துக்கொண்டே வந்தான்.

பனி ஜான்சியோடு முடிந்துவிடும், லேட்டு முடியாது. ரயில்வேயில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தடம், ஒரு நேரம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அதைத் தவறவிட்ட வண்டிக்கு மரியாதை போய்விடும். கல்யாணத்துக்குப் பிந்திப் போனவன் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பதுபோல், லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். நேரத்துக்கு வருகிற வண்டிகள் விறைப்பாகத் தாண்டிப் போகும். பல்லார்ஷா பக்கத்திலிருந்து மச்சான் போன் செய்தான். “மாமா, ஏதோ ஒரு ஸ்டேஷன், பேரு தெரியல. நாப்பது நிமிஷமா நிக்கிறோம். இப்ப பக்கத்து லைன்ல ஒண்ணு போச்சு பாருங்க, அது நமக்கு அப்புறமா கிளம்புன வண்டி!” குரலில் பசியைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

இப்படி நொந்துபோன வண்டி சில சமயம் கடைசி ஸ்டேஷனுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. டிரைவர் விரட்டி ஓட்டினார் என்று நினைக்க வேண்டாம். ரகசியம் கால அட்டவணையில் இருக்கிறது. பாதை வேலைக்கென்றும் மற்ற தாமதத்துக்கென்றும் அதில் உபரி நிமிடங்களைப் பதுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் பயணத்தின் கடைசிப் பகுதியில். பெரம்பூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ஆறு கிலோமீட்டர்தான் இருக்கும். பல எக்ஸ்பிரஸ்களுக்கு அட்டவணையில் அதற்கு அரைமணியை ஒட்டி நேரம் தந்திருக்கிறார்கள். வண்டி பேசின் பிரிட்ஜில் நிற்கும். மொத்தப் பெட்டியும் மூட்டை முடிச்சோடு கதவருகே எழுந்து நிற்கும். ஒரு குழந்தை அழும். ஒருவர் செருப்பைத் தேடுவார். அப்புறம் வண்டி அசைந்து அசைந்து உள்ளே போகும்: ரைட் டைம்!

இதில் நம்மவர்கள் மட்டும் கெட்டிக்காரர்கள் அல்ல. ஜெர்மனியில் ஆறு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் லேட்டே இல்லை. ரத்தான வண்டியும் லேட்டுக் கணக்கில் சேராது. வராதவனை லேட்டு என்று எப்படிச் சொல்வது? இத்தனை சலுகைக்குப் பிறகும் 2024-இல் அங்கே தொலைதூர வண்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் லேட்டு. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்து மூன்று நிமிடத்துக்கு மேல் மன்னிக்காது. ஜப்பான் இன்னும் மோசம்: 2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று நிர்வாகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

எங்கள் வழக்கு வேறு. நம் ஊரில் ஒரு வண்டி நேரத்துக்கு வந்ததா என்ற கணக்கைப் பெரும்பாலும் பயணம் முடிகிற ஸ்டேஷனில்தான் பார்க்கிறார்கள். காட்பாடிக்கு ரெண்டு மணி நேரம் பிந்தி வந்த வண்டி திருவனந்தபுரத்துக்குச் சரியாகப் போய்விட்டால் அது ஒழுக்கமான வண்டி. நடுவில் இறங்குகிறவனும் அவனுக்காகக் கொட்டாவி விடுகிறவனும் எந்த ஏட்டிலும் இல்லை.

அன்று என் வீட்டு அட்டவணையும் சேர்ந்துகொண்டது. வண்டி நாலு மணிக்கு வரும் என்று மனைவியின் மொபைல் சொல்லியிருக்கிறது. என்னிடம் அவள் சொன்னது மூன்று. ஒன்பது மணி முகூர்த்தத்தை ஏழரை என்று சொல்லியே என்னைப் பழக்கியவள். உபரி நிமிடம் வைக்கிற வித்தையை ரயில்வே இவளிடம் கற்றதா, இவள் ரயில்வேயிடம் கற்றாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நின்றேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளிக் குடும்பம் ஒன்றிடம் ஆட்டோக்காரர் வங்காளத்திலேயே பேரம் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தில்லி வண்டியா சார்? இப்பதான் ரேணிகுண்டாகிட்ட வருது. டீ சாப்பிடுங்க. ஒண்ணு இல்ல, ரெண்டு.”

ரெண்டாவது டீயில் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்திய ரயில்களுக்கெல்லாம் பொது நேரம் மெட்ராஸ் நேரம்தான். நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்துக் கடிகாரத்தை வைத்து வண்டிகள் ஓடின. 1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்திய நேரம் வந்து, முள்ளைச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளிவிட்டது. அந்த ஒன்பது நிமிடத்தை யாரும் திருப்பித் தரவில்லை. ஆகவே ஒன்பது நிமிடம் லேட்டாக வருகிற வண்டி மெட்ராஸ் நேரப்படி ரைட் டைம். இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போனால், ஐந்தரை மணி நேரம் லேட்டாக வருகிற வண்டி கிரீன்விச் நேரப்படி விநாடி பிசகாத ரைட் டைம்.

பத்தரை வண்டி சரியாக நாலு மணிக்கு வந்தது. மச்சான் தலை கலைந்து இறங்கினான். பெட்டியை வாங்கிக்கொண்டு உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

“உன் தம்பி லேட்டே இல்ல. லண்டன் நேரப்படி கரெக்டா வந்துட்டான்.”

“அப்படின்னா மூணு மணியிலிருந்து காட்பாடியில நின்னு என்ன பண்றீங்க? லண்டனுக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள்.