கதிர் படுது, கரு மட்டுமா கெடுது?

கே: கதிர்வீச்சு பட்டால் உட்கருவின் டிஎன்ஏ உடையும், செல் சாகும். இதில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்ன வேலை சார்?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

ப: பாடப்புத்தகம் அங்கேயே நின்றுவிட்டது, நீங்களும் நின்றுவிட்டீர்கள். 1999-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா துகளைக் குறிபார்த்து, உட்கருவைத் தொடாமல், சைட்டோபிளாசத்தில் மட்டும் பாய்ச்சினார்கள். மரபணு மாற்றம் வந்ததோ, தொடாமல் விட்ட உட்கருவில்! சந்தேகம் ஃப்ரீ ராடிக்கல்கள்மீது விழுந்தது. அவற்றை அன்றாடம் கசியவிடும் ஆசாமி யாரென்று நான் வேறு சொல்லணுமா?

கே: மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்த டிஎன்ஏ உண்டாமே?
– ஆசிரியை, பரமக்குடி

ப: உண்டு. 16,569 எழுத்து, 37 ஜீன். ஹிஸ்டோன் புரதப் போர்வை கிடையாது, பழுதுபார்க்கும் வசதியும் அரைகுறை. ஆனாலும் ஒரே செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நகல்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு தாள் கிழிந்ததற்கு ஒப்பாரி வைப்பாரா?

கே: ஆக்சிஜன் நல்லதா, கெட்டதா?
– ஒரு குழப்பவாதி, சிதம்பரம்

ப: நமக்கு நல்லது. கதிர் பாயும் செல்லுக்குக் கெட்டது. ஆக்சிஜன் உள்ள செல், இல்லாததைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு சுலபமாகச் சாகும். 1953-இல் எல்.ஹெச். கிரேயும் கூட்டாளிகளும் இதைச் சிகிச்சைக்கே கணக்கில் எடுத்தார்கள். கட்டியின் நடுவில் மூச்சுத் திணறிக் கிடக்கும் செல்தான் பிழைத்துக்கொள்கிறது. கிரேயின் பெயரையே கதிர் அளவுக்கு அலகாக வைத்துவிட்டார்கள்.

கே: அப்படியானால் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் குடிக்காமல் தடுத்தால் புற்று ஒழியுமா?
– மருந்துக்கடைக்காரர், ஈரோடு

ப: பலே! சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் அதைத்தான் செய்கிறது. எலிகளில் கட்டிக்குள் ஆக்சிஜன் மிஞ்சியது, கதிரும் நன்றாக உறைத்தது. நுரையீரல் புற்று நோயாளிகளிடம் நடந்த இரண்டு சோதனைகளின் முடிவு 2021-இல் வந்தது: பலனில்லை. எலியாகப் பிறந்திருக்கலாம்.

கே: ரேடியேஷன் எடுக்கும் அத்தைக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கித் தரலாமா?
– மருமகள், கும்பகோணம்

ப: அத்தைமீது நிஜமான பாசம் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கனடாவில் தலை-கழுத்துப் புற்று நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவிளைவு குறைந்தது. புற்று திரும்பி வருவது கூடுவதுபோலவும் தெரிந்தது. கவசத்தை நல்ல செல்லுக்கு மட்டும் மாட்ட இன்னும் தையல்காரர் வரவில்லை.

கே: ரத்தப் பைக்கு 25 கிரே கதிர் கொடுக்கிறோமே, ரத்தம் சாகாதா?
– ரத்த வங்கி ஊழியர், மதுரை

ப: மனிதனுக்கு நாலைந்து கிரே உடம்பு முழுக்கப் பட்டாலே, சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப்பேர் தேறமாட்டார்கள். சிவப்பணுவோ பொட்டாசியத்தைக் கொஞ்சம் கசியவிட்டு வேலையைப் பார்க்கும். அதனிடம் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. இழக்க எதுவும் இல்லாதவன்.

அதே பையிலுள்ள லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுதான் மாட்டிக்கொள்ளும், அதை முடக்கத்தானே கதிரே! பெருகாத செல்லைக் கதிர் அவ்வளவாகச் சீண்டாது என்று 1906-இல் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் விதி எழுதினார்கள். லிம்ஃபோசைட் அதைப் படிக்கவில்லை. சும்மா இருக்கும்போதும் பொசுக்கென்று செத்துவிடும். அந்தச் சாவில் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பங்கு உண்டு: உள்ளே சுவாசத்துக்கு உதவும் சைட்டோக்ரோம் சி வெளியே கசிந்தால், அதுவே செல்லுக்கு மரண ஓலை.

கே: எங்கள் மணலிலேயே கதிர்வீச்சு. என் மைட்டோகாண்ட்ரியா என்ன ஆகும்?
– மணவாளக்குறிச்சி வாசகர்

ப: உங்கள் ஊரைப் போலவே மோனசைட் மணல் கொண்ட கேரளக் கரையில் பார்த்திருக்கிறார்கள். 2002-இல் வெளியான ஆய்வின்படி, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் எழுத்து மாற்றங்கள் அங்கே அதிகம். வேடிக்கை என்னவென்றால், மனித வரலாற்றில் ஏற்கெனவே அடிக்கடி மாறிவந்த இடங்களில்தான் அந்த மாற்றமும்.

பயந்துவிடாதீர்கள். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்குமேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வந்தது. கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஜீனில் எழுத்துப்பிழை, உடம்பில் அர்த்தம் மாறவில்லை.

கே: தாயிடமிருந்து மட்டும்தானா? அப்பாவுடையது எங்கே போகிறது?
– ஓர் அப்பா, திருவாரூர்

ப: விந்தணு வாலாட்டி நீந்தும்வரை அதற்கு மரியாதை. முட்டைக்குள் நுழைந்ததும் ஒழித்துக்கட்டிவிடுவார்கள். ஸ்கூல் ஃபீஸ் மட்டும் உங்கள் பெயரில் வரும்.