சிறுவாணியில் உப்பு

சிறுவாணித் தண்ணீரின் ருசியை வெளியூர்க்காரரிடம் பீற்றிக்கொள்ளாத கோயம்புத்தூர்க்காரர் உண்டா? அதே தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டு, குளோரினோடு ருசியையும் களைந்து, லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் கரைத்தால் அதற்குப் பெயர் கடல். வீட்டில் கடல்மீன் வளர்க்கும் 60 லிட்டர் தொட்டிக்கு இரண்டு கிலோவுக்கு மேல். சமையல் உப்பு ஆகாது. மக்னீசியம், கால்சியமெல்லாம் சேர்ந்த பாக்கெட் உப்புதான் வேண்டும்.

சின்னத் தொட்டி சுளுவு என்பார்கள். நேர்மாறு. நாலு சொம்பு வற்றினாலே உப்பு எகிறும். அப்போது ஊற்ற வேண்டியது உப்பில்லாத தண்ணீர். இதைச் சொல்ல மறக்கும் கடைக்காரர், முதலில் ஹீட்டரை எடுத்து வைப்பார். சித்திரை வெயிலில்! நமக்கு வேண்டியது 26 டிகிரியில் நிறுத்தும் சில்லர். விலையைக் கேட்டால் நமக்கு வேர்க்கும். மோட்டார் பம்புக்குப் பேர்போன ஊரில், அலையடிக்கும் குட்டி மோட்டார் மட்டும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது.

எல்லாம் ஓடினாலும், பாக்டீரியா குடியேறி அம்மோனியா அடங்க நாலு முதல் ஆறு வாரம் மீன் விடக்கூடாது. எட்டிப் பார்த்த அமுச்சி கேட்டார்: “ஏஞ்சாமி, மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குக் கரண்டு?”