கத்தரிக்காய் மேல் போட்ட பழி

கொரோனா சமயத்தில் காலையில் காபியை நிறுத்திவிட்டுக் கபசுரக் குடிநீர் குடித்தவன் நான். வாணியம்பாடியிலேயே என் எதிர்ப்பு சக்திதான் பெரிது என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அது பாதத்தில் தெரிந்தது.

கல்யாணம் எதற்காவது போய்வந்தால் அடுத்த ஒன்றிரண்டு நாளில் புறங்காலில் அரிப்பு, தடிப்பு, நீர்க்கசிவு. பிரியாணியோடு வைத்த கத்தரிக்காய்தான் என்று முடிவு கட்டி அதை விட்டேன். அரிப்பு என்னை விடவில்லை. மெடிக்கல் கடைத் தம்பி கொடுத்த களிம்பு பூசினால் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிடப் பொங்கும். ஸ்டீராய்டு என்று டியூபிலேயே போட்டிருந்தது. டேனரியில் பைசா பிசகாமல் கணக்கு எழுதுகிறவன், அதைப் படிக்கவில்லை.

கடைசியில் டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கும் பேட்ச் டெஸ்டை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது என்றார். நடுவில் சனிக்கிழமை வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டேன். திட்டிவிட்டு மறுபடி ஒட்டினார். பொட்டாசியம் டைகுரோமேட் என்ற குரோமிய உப்பு வைத்த இடம் சிவந்து தடித்தது. விசேஷத்துக்கென்று வைத்திருந்த தோல் செருப்புதான் ஆசாமி.

குரோம் போட்டுப் பதனிட்ட தோலிலிருந்து வியர்வையில் கசியும் குரோமியம் மிகச் சிறியது. தனியாக வந்தால் உடம்பு கண்டுகொள்ளாது. நம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் அந்நியனாகிவிடும். சருமத்திலுள்ள லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதைப் பிடித்து, நிணநீர் முடிச்சிலிருக்கும் டி செல்களிடம் காட்டிக்கொடுக்கும். (இந்தச் செல்களை 1868-ல் மாணவராக இருந்தபோது கண்ட பால் லாங்கர்ஹான்ஸ், நரம்பு செல் என்றே நினைத்தாராம். எனக்கு அதில் ஓர் அற்ப ஆறுதல்.) டி செல்கள், கல்யாணத்தில் மரியாதை குறைந்துபோன சம்பந்தி மாதிரி, ஆயுசுக்கும் மறப்பதில்லை. மறுபடி குரோமியம் பட்டால் பெருகி வந்து அந்த இடத்தை வீங்கவைக்கும். கிருமியை விரட்டும்போது செய்கிற அதே வேலைதான், ஆள்தான் தப்பு. திரண்டு வர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதற்குள் செருப்பு அலமாரிக்குப் போயிருக்கும். நல்லவேளை, கபசுரக் குடிநீரை இன்னும் ஒரு டம்ளர் கூட்டலாமா என்று யோசித்ததை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

“கடுக்காய், ஆவாரம்பட்டையில பதப்படுத்தின தோல்னா பரவாயில்ல. நீங்க டேனரி ஆளாச்சே, பார்த்தாலே தெரியுமில்ல?” என்றார்.

“தெரியாம என்ன, டாக்டர்!” என்றேன்.

இப்போது கல்யாணங்களுக்கு ரப்பர் செருப்பில் போகிறேன்.