கம்மாய்க்குப் போகாத நீர்ப்பாய்ச்சி

ஏலே பேராண்டி, கோயில் கொடைக்கு வந்தவன் சாமியக் கும்புட்டோமா, கறிச்சோறு தின்னோமான்னு இருக்கணும். நீ வேப்பமரத்தடியில லேப்டாப்ப விரிச்சு வச்சு, போன்ல யாரையோ வஞ்சிக்கிட்டு இருக்க. "வேலை முடிஞ்சிட்டு, ஃபைலும் எழுதியாச்சு, ஆனா ஃபைலே இல்லங்கு"ன்னு நீ கத்துனது மேலத்தெரு வரைக்கும் கேட்டுட்டு. உங்க ஆச்சி எங்கிட்ட வந்து, "பேரனோட கேஷெல்லாம் பழசாப் போச்சாமே, பேங்குல குடுத்து மாத்த முடியாதா"ன்னு கேக்கா. 2016-ல ஐநூறு ரூவா நோட்டுக்கு வெயில்ல வரிசை நின்னவல்லா, அந்தப் பயம் இன்னும் விடல.

நான் சிரிக்கேன்னு மூஞ்சியத் தூக்காத. இந்த ஆடுகள மேய்க்கிறதுக்கு முந்தி ஒரு காலேசு கம்ப்யூட்டர் சென்டருக்குக் காவல் கெடந்தவன் நான். ஒரு சர்வர்ல கெடக்குற ஃபைல நெட்வொர்க் வழியாப் பல மிஷினு பங்கு போட்டுக்கிட, சன் மைக்ரோசிஸ்டம்ஸ்காரன் 1984-ல என்எஃப்எஸ்ஸக் கொண்டாந்தான். இருக்குற ஃபைல இல்லங்குற இந்த வியாதி அதுகூடவே ஒட்டிப் பொறந்தது. உனக்கு இப்பத்தான் தொத்தியிருக்கு.

"சர்வர் பொய் சொல்லுது"ன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. சர்வர் எங்கலே பொய் சொல்லுச்சு? அத ஒருத்தனும் கேக்கவே இல்லையே.

நம்ம ஊரு நீர்ப்பாய்ச்சியப் பாத்திருக்கல்லா? "கம்மாயில தண்ணி எம்புட்டுப்பா கெடக்கு?"ன்னு மத்தியானம் கேட்டா, காலையில பாத்தத வச்சே சொல்லுவான். கேக்குறவனுக்கெல்லாம் கரை வரைக்கும் நடந்தா அவன் காலு என்னாகும்? உன் லினக்ஸ் கிளையண்டும் அதே ஆளுதான். ஃபைலு எம்புட்டுப் பெருசு, கடைசியா எப்ப மாறுச்சுன்னு சர்வர்கிட்ட ஒருதடவ கேட்டு மடியில முடிஞ்சிக்கிடும், அந்த மடிக்குப் பேருதான் கேஷ். 3 செகண்டு அந்த முடிச்ச நம்பும். பொறவு போயிக் கேட்டு, மாறலன்னா அடுத்து 6 செகண்டு. அப்பவும் மாறலன்னா 12. இப்படியே 60 வரைக்கும் ஏறும். ஆக, ரொம்ப நாளாச் சும்மா கெடக்குற ஃபைலு மேலதான் நம்பிக்கை சாஸ்தி. உன் ஆப்பீசுல ஆறு மாசமா எவனும் தொடாத கான்ஃபிக் ஃபைல இன்னைக்கு நீ மாத்துவ. அதத் தொறக்காம, தேதிய மட்டும் எட்டிப் பாக்குற புரோகிராமு ஒரு நிமிசம் மாதிரி பழச நம்பிக்கிட்டுக் கெடக்கும். சோலியத்தவன்னு ஊரே நம்புனவன்தான் ஒருநா உண்டியலத் தூக்கிட்டு ஓடுவான்.

ஆனா மடை தொறக்குறதுன்னா நீர்ப்பாய்ச்சி நேர்ல போயித்தான் ஆகணும். என்எஃப்எஸ்லயும் ஒப்பந்தம் அதுதான். எழுதுனவன் மூடும்போது எல்லாம் சர்வருக்குப் போயிச் சேரும். அதுக்குப் பொறவு ஒருத்தன் புதுசாத் தொறந்தா, கிளையண்டு சர்வர்கிட்டக் கேட்டுட்டுத்தான் படிக்கும். நேத்தே தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கவனுக்கு இதுல பங்கில்ல. எழுதிட்டு மூடாம வச்சிருக்கவனும் ஊருக்குச் சோறு போட்டேன்னு பீத்திக்கிட முடியாது, சோறு இன்னும் அவன் பானையிலதான கெடக்கு.

உன் கோளாறு இதுவுமில்ல, கொஞ்சம் தள்ளி நில்லு, வாரேன். கல்யாணமாகி ஆறாம் மாசம் "விசேஷம் உண்டா?"ன்னு கேட்டுட்டு, "இல்ல"ன்னதும் அத நெஞ்சுல எழுதிக்கிடுவா ஒருத்தி. புள்ள பொறந்து, மொட்டையடிச்சு, காது குத்துன பொறவும் "பாவம், அவுகளுக்குப் புள்ள இல்ல"ன்னு ஊரு பூராச் சொல்லித் திரிவா. வேலையப் பிரிச்சு அனுப்புற உன் தலைமை மிஷினு அவளுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. ரிசல்ட் ஃபைலு பொறக்கும் முந்தியே அவசரப்பட்டு "இருக்கா?"ன்னு கேட்டிருக்கு. "இல்ல"ங்கிற பதிலையும் கேஷ்ல முடிஞ்சி வச்சிட்டு. அந்தப் பதிலு டைரக்டரி கணக்குல சேரும். டைரக்டரி கணக்கு வேற, அது 30 செகண்டுல ஆரம்பிச்சு 60 வரைக்கும் போவும். அங்க வேலைய ஓட்டுற உங்க ஸ்னேக்மேக்கோ, நீ ஒண்ணும் சொல்லலன்னா, 5 செகண்டு காத்துட்டு "ஃபைலக் காணோம்"னு ஒப்பாரி வச்சிரும். 5-க்கும் 30-க்கும் எங்கலே ஒட்டும்? லேட்டன்சி-வெயிட்ட 60-க்கு மேல ஏத்து. இல்லன்னா மவுண்ட் பண்ணும்போது லுக்கப்கேஷ்=பாசிட்டிவ்னு போடு, "இல்ல"ங்கிறத மட்டும் மனசுல வைக்காது.

நீ எல்எஸ் அடிச்சதும் ஃபைலு குதிச்சு வந்துட்டுன்னு பேயறைஞ்சவன் மாதிரி முழிச்சியே! பேயுமில்ல முனியுமில்ல. டைரக்டரியத் தொறந்து பாத்தா, அதுவும் சர்வர்கிட்ட ஒரு வார்த்த கேக்கும், அம்புட்டுதான்.

போன்ல உன் சேக்காளி "நோஏசி போட்டுரு"ன்னான். இந்த வெயில்லயான்னு நெனச்சேன். பொறவுதான் மவுண்ட் ஆப்ஷன்னு ஞாபகம் வந்துச்சு. போடலாம். ஆனா சட்டியில உப்பு இருக்கான்னு பாக்கக்கூட ஒவ்வொரு மிஷினும் சர்வர் வாசல்ல போயி நிக்கும், எழுதுறதும் ஒண்ணொண்ணாச் சேர்ந்தாத்தான் அடுத்த அடி. இன்னொருத்தன் மிஷினோட மொத்தக் கேஷையும் கொட்டிவிட, ரூட்டா நுழைஞ்சு டிராப்கேஷஸ்ல 3-ன்னு எழுதச் சொன்னான் பாரு, அவன் எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துற வம்சம். அவன் வீட்டுப் பக்கம் பொண்ணு கிண்ணு எடுத்துறாத.

எனக்கும் ஒருநா மூக்கறுபட்டுச்சு, அதையும் சொல்லிருதேன். பழைய இஎக்ஸ்டி3 ஃபைல் சிஸ்டத்துல நேரத்த முழுச் செகண்டாத்தான் குறிப்பான். மார்க்கு ஃபைல்ல 45-ன்னு விழுந்தத ஸ்கிரிப்டு அதே செகண்டுல 54-ன்னு திருத்திட்டு. ரெண்டும் ரெண்டெழுத்து, அளவு மாறல, நேரமும் மாறல. நடுவுல படிச்ச பிரிண்டர் மிஷினுக்குத் துப்பே கெடைக்கல, 45-ஐயே அடிச்சுத் தள்ளிட்டு. அந்தப் பையனோட அப்பா சென்டரு வாசல்ல வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வந்து நின்னது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. என்எஃப்எஸ் 4-ல இதுக்குன்னே மாறுதலுக்குத் தனியா ஒரு எண்ணு வச்சான், தேதிய நம்பினது போதும்னு.

"சர்வரே ஆள் அனுப்பிச் சொன்னா என்ன?"ன்னு கேப்ப. கார்னகி மெலன்ல ஏஎஃப்எஸ் பண்ணவன் அப்படித்தான் பண்ணான், மாறுனா சர்வர் கூப்புட்டுச் சொல்லும். அதுக்கு யாரு யாருகிட்ட எந்த நகல் இருக்குன்னு சர்வர் ஞாபகம் வச்சாகணும். சன்காரன் தன் சர்வர வேணும்னே மறதிக்காரனா வச்சான். மறதிக்காரன் மயங்கி விழுந்து எழுந்தாலும் பழைய பாக்கி ஒண்ணும் கெடையாது, விட்ட எடத்துல வேலையத் தொடங்கிருவான். எனக்கு அவனத்தான் பிடிக்கும், என் சுபாவத்துக்குத் தோதா இருக்கான்.

நீ எழுதுறத வேற பேர்ல எழுதி, மூடி, பொறவு ரீநேம் பண்ணு. அரைகுறைய எவனும் பாக்க மாட்டான். பழசையும் ஒடனே அழிச்சிராத, எவனாவது தொறந்து வச்சிருந்தா "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்"னு கத்துவான். இடிச்ச வீட்டுக்குச் சாவியக் கொண்டாந்து நிக்கிறவனுக்கு நீ என்ன பதில் சொல்லுவ?

சரி, எந்திரி. அடுப்படிக்குப் போயி டீ ஆயிட்டான்னு பாத்துட்டு வா. இங்கேருந்து கூப்புட்டுக் கேட்டா, உங்க ஆச்சி காலையில சொன்ன பதிலத்தான் இப்பவும் சொல்லுவா.