விழுப்புரம் இல் இருந்து திண்டிவனம் க்கு

வாடா பேராண்டி, உக்காரு. ஞாயித்துக்கிழமை ஆனா விழுப்புரத்துக்கு பஸ் ஏறிடறே. லினக்ஸ் கூட்டம்னு சொல்றே. கொல்லையில களை மண்டிக் கெடக்கு, இவன் இன்னா பண்றான்னு உங்கப்பன் கேக்குறான். மென்பொருளைத் தமிழாக்குறான்னு நான்தான் சமாளிச்சு வெச்சிருக்கேன். நல்ல காரியந்தான். காசும் வராதாமே, அப்ப நிச்சயமா நல்ல காரியந்தான். அதனால வயசானவன் ரெண்டு புத்தி சொல்லலாம்னு பாத்தேன்.

மொத புத்தி: உன் போனை இங்கிலீஷ்லயே வெச்சிரு. மறந்தும் தமிழுக்கு மாத்திடாதே. மாத்துனா நீங்க எழுதுனதை நீங்களே படிக்கணும், அது உடம்புக்கு ஆவாது. அந்தக் கஷ்டத்தை என்னை மாதிரி ஆளுங்க பாத்துக்குறோம். எனக்குத்தான் இங்கிலீஷ் வராதே. இந்த ஊர்ல போனை மொத்தமும் தமிழ்ல வெச்சிருக்கறவன் நான் ஒருத்தன். நீங்க இருபது பேரு எழுதறீங்க, நான் ஒருத்தன் படிக்கிறேன். எனக்கு அதுல கொஞ்சம் கெத்துதான்.

ரெண்டாவது புத்தி: திரையைப் பாக்காதே. நீங்க தமிழாக்குற கோப்பை உன் தங்கச்சி தொறந்து காட்டுனா. மேல ஒரு வரி இங்கிலீஷ், கீழ ஒரு வரி காலி. காலியை ரொப்பிட்டு அடுத்ததுக்குப் போறீங்க. அந்த வரி எந்தப் பொத்தான்மேல ஒக்காரப் போவுது, யாரு விரலு அதைத் தொடப் போவுதுன்னு கேக்கவே கூடாது. கேட்டா வேகம் கொறஞ்சிடும்.

தோ பாரு, பஸ் நேரம் பாக்குற ஆப்பு. பேரு வேணாம், சுதந்திர மென்பொருள்தான், நீங்க கொண்டாடுற சாதி. போன வாரம் திண்டிவனம் போவலாம்னு தட்டுனேன். இன்னா எழுதுது பாரு: ‘விழுப்புரம் இல் இருந்து திண்டிவனம் க்கு’. விழுப்புரம் இல்லியா, எப்படா எடுத்தாங்கன்னு ஒரு நிமிஷம் பதறிட்டேன்.

ஏன் இப்பிடி ஆச்சுன்னு உன் தங்கச்சிதான் சொன்னா. நிரல் எழுதறவன் ஊர் பேரு வர்ற எடத்துல ஒரு ஓட்டை வுட்டுடறான். சதவீதக் குறி போட்டு பக்கத்துல ஒரு எஸ். எந்த ஊரு வந்து வுழுமோ அவனுக்கே தெரியாது. இங்கிலீஷ்காரனுக்கு அது ஒரு கவலையே இல்ல. அவன் ‘ஃப்ரம்’மையும் ‘டு’வையும் ஊருக்கு முன்னாடி நிறுத்திட்டு, ஊர் பேரைத் தொடாம வுட்டுடறான். நமக்கு உருபு வாலுல ஒட்டணும், ஒட்டுறப்ப பேரே மாறிப்போவும். விழுப்புரத்துல ஏறி ரயிலு போற வழியைப் பாரு: முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம். விக்கிரவாண்டிக்காரனும் பேரணிக்காரனும் ‘க்கு’வுல தப்பிச்சாங்க. எடைவெளியை எடுத்தா ‘விக்கிரவாண்டிக்கு’ன்னு சரியா நிக்கும். ‘ம்’முல முடியற ஊருக்காரன் அத்தினி பேரும் மாட்டுனான். மயிலம் முருகனே மயிலம் க்கு வரணும்னா யோசிப்பாரு.

இது நமக்கு மட்டும் வந்த வெனை இல்ல. கொரியாக்காரனும் நம்மளை மாதிரி வினைச்சொல்லைக் கடைசியில வெக்கிறவன், உருபை வாலுல ஒட்டுறவன். பேரு மெய்யில முடிஞ்சா ‘உல்’, உயிர்ல முடிஞ்சா ‘ருல்’. ஓட்டையில எது வந்து வுழும்னு அவனுக்கும் தெரியாது. அவன் இன்னா பண்ணான் தெரியுமா? ரெண்டையும் எழுதி, ஒண்ணை அடைப்புக்குறிக்குள்ள தள்ளிட்டான். பாக்க அழகில்ல, ஆனா தப்புமில்ல. கெட்டிக்காரப் பசங்க அதுக்கும் மேல போயிட்டாங்க. கொரிய எழுத்து யூனிகோடுல 11,172 அசையா வரிசை கட்டி நிக்குது. கடைசி அசையோட எண்ணுல 44,032 கழிச்சு, 28ஆல வகுத்து, மீதி பூஜ்யம்னா உயிர்ல முடியுது, இல்லாட்டி மெய்யில முடியுது. அவ்ளோதான் கணக்கு.

நமக்கு அத்தினி கணக்கு கூட வேணாம். கடைசியில ‘ம்’ நிக்குதான்னு பாத்து, அதை எடுத்துட்டு ‘த்து’ போட்டா அந்த மாதிரி ஊரு பெரும்பாலும் சரியாயிடும். மிச்சம் சிரிக்கும். சேலம் சேலத்துக்கு ஆவும், அசாம் அசாத்துக்கு ஆவாது. அதுக்கும் ஒரு வழி இருக்கு, ஆனா நீ பண்ணக் கூடாது, சொல்லிட்டேன். பஸ் போர்டைப் பாத்திருக்கியா? விழுப்புரம், ஒரு கோடு, திண்டிவனம். உருபே கெடையாது. அதே மாதிரி ‘புறப்படும் ஊர்’, ‘சேரும் ஊர்’னு தலைப்பு போட்டு, பக்கத்துல பேரை அப்பிடியே எழுதிட்டா தீந்துது. ஆனா இங்கிலீஷ்ல இருக்கற வரியை ஒடைச்சு எழுதணும். அதுக்கு நிரல்காரன்கிட்ட போயி கேக்கணும். வாயைத் தொறந்து கேக்கறதுக்கா கூட்டத்துக்குப் போறோம்? வுடு.

மூணாவது, சதவீதத்தைக் காட்டு. உங்க ஆளுங்க வாட்ஸ்அப்புல போடறீங்களே, தமிழ் இத்தினி சதவீதம் முடிஞ்சுதுன்னு, நாலு கும்பிடு பொம்மையோட. படிச்சதும் எனக்கு மார்க்கெட் கமிட்டி ஞாபகந்தான் வருது. மல்லாட்டை மூட்டையைக் கமிட்டியில எறக்குனா எடையை மட்டும் பாத்துட்டா வெல சொல்றாங்க? மூட்டைக்குள்ள கையை வுட்டு ஒரு புடி அள்ளி, ஒடைச்சு, பருப்பு எத்தினி பொக்கு எத்தினின்னு பாத்துட்டுத்தான் சொல்றாங்க. உங்க கோப்புல பொக்கு நெறைய இருக்கு. மூல வரி மாறிப் போச்சுன்னா, பழைய தமிழை மொழிபெயர்ப்புக் கருவியே ஒப்பேத்தி வெச்சு ‘ஃபஸி’ன்னு ஒரு குறி போட்டுடுமாமே. அந்தக் குறி இருக்கற வரையில திரையில தமிழ் வராது, இங்கிலீஷ்தான் வரும். நல்லதாப் போச்சு. அந்தக் குறியை மட்டும் படிக்காமலே எடுத்துடு, சதவீதம் சர்ருனு ஏறும். எவன் ஒடைச்சுப் பாக்கப் போறான், என்னைத் தவிர?

பைத்தான்னு ஒண்ணு படிக்கிறியே, அதோட ஆவணத்தை மொழிபெயர்க்க 2017ல ஒரு விதிமுறை எழுதுனாங்களாம், 545ன்னு நம்பர். மொழிகளைத் தேர்ந்தெடுக்கற பெட்டியில உன் பாஷை பேரு வரணும்னா, பாடம் சொல்ற பகுதி, உள்ளேயே இருக்கற செயற்கூறுகள் பக்கம், பிழையைத் தெரிவிக்கிற பக்கம், இதெல்லாம் முழுசா முடிஞ்சிருக்கணும். மத்தது அப்பறம் வந்தாப் போதும். புதுசா வர்ற புள்ள எதை மொதல்ல தொறப்பான்னு யோசிச்சு வெச்சிருக்காங்க. அந்தப் பெட்டியில கொரியா பாஷை பேரு இருக்கு. நம்ம பேரு இருக்கான்னு நீயே தொறந்து பாத்துட்டு வந்து சொல்லு, எனக்குக் கண்ணு மங்கல்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கு, அவங்க பக்கம் மட்டும் போயிடாதே. கணியம்னு ஒரு இதழ், 2012லேர்ந்து தமிழ்ல நடத்துறாங்க. அதுல நித்யா துரைசாமி ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’னு எழுதுனாங்க. இன்னும் பல ‘எளிய தமிழில்’ எழுதுனாங்க. கையேட்டை வரிக்கு வரி பேத்து வெக்காம, தாங்க கத்துக்கிட்டதைத் தமிழ்ல சொன்னாங்க. இதுல சதவீதமே காட்ட முடியாது பாரு. வாட்ஸ்அப்புல எதைப் போடுவே?

கடைசியா ஒண்ணு, சண்டை. ‘கோப்பா’ ‘ஃபைலா’, ‘சுட்டி’யா ‘மவுஸா’ன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போடுங்க. அந்த நேரத்துல யாரும் திரையைத் தொறந்து பாக்க மாட்டாங்க, நிம்மதி. ஃபயர்பாக்ஸுக்கு ‘பொண்டூன்’னு ஒரு எடம் இருக்காமே. யாரு வேணா பரிந்துரை எழுதலாம், ஒப்புதல் தர்ற ஆளு பாத்துட்டுத்தான் உள்ள வுடுவாராம். இந்த மாதிரி எடத்துல ஒப்புதல் தர்ற ஆளா ஆயிடு பேராண்டி. அப்பறம் மாசக்கணக்குல அந்தப் பக்கம் போவாதே. சொம்மா வந்த பதவிக்கு மரியாதை வேணும்ல.

எங்க எழுந்துக்குறே? இன்னும் முடியல. பஸ் ஆப்போட கோப்பு இருக்கே, அதோட தலையில ‘கடைசியா மொழிபெயர்த்தவர்’னு ஒரு வரி உண்டாமே. உன் தங்கச்சி நேத்து ராத்திரி எனக்குப் படிச்சுக் காட்டுனா. மின்னஞ்சலோட போட்டிருந்துச்சு, நம்ம வூட்டுப் பையன் பேரு. நான் உங்கப்பன்கிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன், நாளைக்கு அந்த விழுப்புரம், திண்டிவனம் வரி சரியாயிருந்தா. இப்ப உன் போனைக் குடு, இந்தத் தமிழ் அமைப்பு எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும், நானே மாத்திக் குடுக்குறேன்.