கடைசி இழுப்பு எப்போது?

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. சிகரெட்டையோ வேப்பையோ என்ன செய்வது என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள். மயக்க மருந்து கொடுப்பவர்கள் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

வாசகர், கோவை: சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. புகை இல்லை, தார் இல்லை. அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷன். படிவத்தில் 'புகைப்பழக்கம்: இல்லை' என்று எழுதலாம்தானே?

எழுதாதீர்கள். புகை போயிற்று, நிக்கோடின் போகவில்லை. வேப்பில் எதுவும் எரிவதில்லை என்பதால் கார்பன் மோனாக்சைடு தொல்லை சிகரெட்டைவிட மிகவும் குறைவு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிக்கோடின் எந்த வழியாக வந்தாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும், இதயத் துடிப்பை ஏற்றும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும். ஆவியில் இருக்கும் மற்ற ரசாயனங்களும் வாசனைப் பொருட்களும் மூச்சுக்குழாயை உறுத்தும். உறுத்திப்போன மூச்சுக்குழாய், நாங்கள் டியூப் போடும் நேரத்தில் சட்டென்று இறுகிக்கொள்ளும்.

இன்னொன்று. நம் நாட்டில் 2019 முதல் வேப் விற்பனைக்குத் தடை. அதனால் திரவத்துக்குள் என்ன இருக்கிறது என்று உறுதி சொல்ல யாரும் இல்லை. அதே 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களின் நுரையீரல் திடீரெனக் கெட்டுப்போனது. 2020 பிப்ரவரிக்குள் 2,800க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடிக்கவே பல மாதங்கள் ஆயின. 'நிக்கோடின் இல்லை' என்று பாட்டிலில் போட்டிருப்பதை நம்பி எழுதிக் கொடுக்க வேண்டாம்.

வாசகர், ஈரோடு: தடைசெய்த பொருளாச்சே. டாக்டரிடம் சொன்னால் போலீசுக்குப் போய்விடுமா?

போகாது. அந்தச் சட்டம் குறிவைப்பது தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகியவற்றை. டாக்டருக்கு வேண்டியது உங்கள் நுரையீரல் விவரம். நீங்கள் சொல்வது கேஸ் ஷீட்டோடு நிற்கும்.

வாசகர், மதுரை: காலை 8 மணிக்கு ஆபரேஷன். முந்தைய இரவு 12 மணி வரை பிடிக்கலாமா? சாப்பாட்டுக்கு அந்தக் கணக்குதானே சொல்கிறார்கள்?

வயிற்றுக்கு ஒரு கணக்கு, ரத்தத்துக்கு வேறு கணக்கு. நிக்கோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். சிகரெட், பீடியின் கார்பன் மோனாக்சைடு பாதியாக நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். அந்த வாயு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். விரலில் மாட்டும் கிளிப் கருவியால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. திரையில் 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்; உள்ளே ஆக்சிஜன் குறைவாக இருக்கும். எங்களை மிகவும் பயமுறுத்துவது இதுதான். ஆகவே குறைந்தது முந்தைய நாள் காலையிலேயே நிறுத்திவிடுங்கள்.

அது ஆபரேஷன் மேஜைக்கான கணக்கு. புண் ஆறுவதற்கும், சளி குறைவதற்கும் வாரங்கள் வேண்டும். நான்கு வாரம் முன்பே விட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு என்றும், அதற்குமேல் கூடும் ஒவ்வொரு வாரமும் பலனைக் கூட்டுகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது.

வாசகர், நாகர்கோவில்: எனக்கு இருப்பது பத்தே நாள். கடைசி நேரத்தில் விட்டால் சளி கட்டி ஆபத்து அதிகமாகும், பேசாமல் பிடித்துக்கொண்டே இரு என்கிறார் நண்பர்.

நண்பர் சொல்வதற்கு ஒரு வேர் இருக்கிறது. 1989இல் பைபாஸ் நோயாளிகளை வைத்து மேயோ கிளினிக்கில் நடந்த ஒரு சிறிய ஆய்வு அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது. அது டாக்டர்கள் மத்தியிலேயே பல காலம் உலவியது. 2011இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பத்து நாள் என்றால் பத்து நாள், இரண்டு நாள் என்றால் இரண்டு நாள். இன்றைக்கே விடுங்கள். விடுவதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதைப் பற்றி நீங்களாக முடிவெடுக்காதீர்கள். புற்றுநோய்க் கட்டி போன்றவை காத்திருக்காது.

வாசகர், வேலூர்: புகைப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி குறைவாமே?

உண்மைதான். வாந்தி வருமா என்று நாங்கள் போடும் கணக்கில் 'புகைக்காதவர்' என்பதற்கே ஒரு மதிப்பெண் உண்டு. ஆனால் வாந்திக்கு என்னிடம் ஊசி இருக்கிறது. ரத்தம் எட்டாமல் கறுத்துப்போன தோலுக்கு ஊசி கிடையாது.

வாசகி, சென்னை: மார்பகப் புற்றுநோய்க்குப் பின் மார்பக மறுசீரமைப்பு செய்யப்போகிறார்கள். சிகரெட்டை விட்டு நிக்கோடின் கம் மெல்கிறேன். அதையும் விடச் சொல்கிறார் பிளாஸ்டிக் சர்ஜன். இது நியாயமா?

சிகரெட்டை விட்டதற்கு முதலில் என் வாழ்த்து. எவ்வளவு கடினம் என்று தெரியும். ஆனாலும் சர்ஜன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

பித்தப்பை, குடலிறக்கம் போன்ற பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு கம்மும் பேட்ச்சும் சிகரெட்டைவிடப் பல மடங்கு மேல். அவற்றைப் பயன்படுத்தியாவது விடுங்கள் என்றுதான் நாங்களே சொல்வோம். உங்களுடையது வேறு. ஓரிடத்துத் திசுவை எடுத்து இன்னோரிடத்தில் வைக்கிறார்கள். நாற்றைப் பறித்து வேறு வயலில் நடுவது மாதிரி. நட்ட பயிர் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் நிற்கக் கூடாது. அங்கே அந்தத் தண்ணீர், நூல் கனத்தில் ஓடும் சில ரத்தக்குழாய்கள். நிக்கோடின் அந்த மடையை அடைத்தால், நட்டது கருகும். முகத்தோல் இழுப்பு, வயிற்றுத் தோல் குறைப்பு, முதுகெலும்பை இணைக்கும் ஆபரேஷன் ஆகியவற்றிலும் இதே கண்டிப்பு உண்டு. முதுகெலும்பு விஷயத்தில் எலும்பு ஒட்டாமலே போகலாம்.

சில இடங்களில் ஆபரேஷனுக்கு முன் கோட்டினின் பரிசோதனை செய்வார்கள். நிக்கோடின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் அது. சில நாட்கள் தங்கும். கம்மா, வேப்பா, பீடியா என்று அதற்குத் தெரியாது. கம்மைப் படிப்படியாகக் குறைக்க, நிக்கோடின் இல்லாத மாத்திரைகளும் உண்டு; கேளுங்கள். தமிழிலேயே பேசி வழிகாட்ட 1800 11 2356 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. ஆசை ஒரு அலை மாதிரி எழும். சில நிமிடம் தாங்கினால் இறங்கிவிடும்.

வாசகி, திருவாரூர்: அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பீடி, சிகரெட் எல்லாம் தொட்டதே இல்லை. வெற்றிலை பாக்கோடு புகையிலை மட்டும் போடுவார்.

அந்த 'மட்டும்' எங்களுக்குப் பெரிய செய்தி. புகையிலையின் நிக்கோடின் கன்னத்தின் வழியாகவே ரத்தத்தில் இறங்கிவிடும். அதைவிட முக்கியம் பாக்கு. பல வருடம் பாக்குப் போட்டால் கன்னத்தின் உட்பக்கம் நார் பிடித்து இறுகும்; வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். பழகிவிடுவதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை.

இன்று இரவு ஒரு சோதனை செய்யுங்கள். அம்மாவை வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்து, நெட்டுக்குத்தாக மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் ஆபரேஷன் தேதிக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரைப் பாருங்கள். முன்கூட்டித் தெரிந்தால் மெல்லிய கேமரா குழாயை மூக்கு வழியாக இறக்கிப் பத்திரமாகச் செய்யலாம்; முதுகில் ஊசி போட்டும் முடிக்கலாம். மயங்கிய பிறகு தெரிந்தால், ஒவ்வொரு நொடியும் போராட்டம்.

ஆபரேஷன் அன்று காலை கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். கேட்டால் இல்லை என்பார். வாயைத் திறந்து பாருங்கள்.

வாசகர், தூத்துக்குடி: மகனுக்கு டான்சில் ஆபரேஷன். நான் மொட்டை மாடியில்தான் பிடிக்கிறேன்.

மாடிப்படி இறங்கும்போது சட்டையிலும் மூச்சிலும் அது கூடவே வருகிறது. வீட்டில் புகைப்பவர் இருக்கும் குழந்தைக்கு, மயக்கத்தின்போது குரல்வளை இறுகும் வாய்ப்பு அதிகம். அவனுக்குத் தேதி குறித்தாயிற்று அல்லவா, உங்களுக்கும் அதே தேதிதான்.

வாசகி, சேலம் (வயது 22): நான் வேப் இழுப்பது வீட்டில் தெரியாது. டாக்டர் கேட்கும்போது அம்மாவும் அப்பாவும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எப்படிச் சொல்வது?

"தனியா ரெண்டு நிமிஷம் பேசணும் டாக்டர்." இது போதும். அவர்களை வெளியே அனுப்புவது எங்கள் வேலை, தினமும் செய்கிறோம். கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதி நர்ஸ் கையில் கொடுங்கள்: என்ன வகை, ஒரு நாளைக்கு எவ்வளவு, நிக்கோடின் எத்தனை சதவீதம், கடைசியாக எப்போது. அன்று காலை ஏழு மணிக்கு இழுத்திருந்தால் ஏழு மணி என்றே எழுதுங்கள், பாப்பா. திட்ட மாட்டோம். அதற்கேற்ற மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் தலைமாட்டில் நிற்போம்.